மூசையும் சுருளும்

மூர்மார்க்கெட்டிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போகும் புறநகர் ரயிலில் எண்ணூரைத் தாண்டியதும் வலது பக்கம் வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். 2011-இல் அந்த ரயிலில்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மின்னியல் படித்து முடித்திருந்தேன். கேம்பஸில் எதுவும் அமையவில்லை. தெரிந்தவர் ஒருவர் மூலமாக, சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் டிரெய்னி. மொத்தம் பதினோரு மாதம். அதன்பிறகு ஓ.எம்.ஆர்., ஜாவா, ஏ.சி. அறை என்று வாழ்க்கை வேறு பக்கம் போய்விட்டது. பதினோரு மாதத்தைப் பற்றி யாரிடமும் பெரிதாகப் பேசியதில்லை. பேசாததற்குக் காரணம் இருக்கிறது, வருகிறேன்.

முதல் வாரத்தில் காதில் விழுந்த ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருப்பதால் சிப்காட் டீக்கடைகளில் பாதிப் பேச்சு தெலுங்கில் நடக்கும். லாரி ஓட்டுநர் ஒருவர் எங்கள் ஆலையைக் காட்டி "உக்கு பேக்டரியா?" என்று கேட்டார். தெலுங்கிலும் கன்னடத்திலும் உக்கு என்றால் எஃகு. தமிழில் உருக்கு. விசாகப்பட்டினத்து ஆலையையே அங்கே "விசாக உக்கு" என்றுதான் சொல்வார்கள். இந்தச் சொல் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கப்பலேறி லண்டன் போய், எழுதியவர் கையெழுத்தோ படித்தவர் கண்ணோ பிசகி, "வூட்ஸ்" என்று ஆகிவிட்டது என்கிறார்கள். அந்த வூட்ஸைக் கையில் எடுத்து ஆராய்ந்தவர்களில் ஒருவர் மைக்கேல் ஃபாரடே. அவரை எனக்கு ஏற்கெனவே தெரியும், இரண்டு மதிப்பெண் கேள்வியாக. எஃகுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்று நான்கு வருட பொறியியல் படிப்பில் ஒருவரும் சொன்னதில்லை.

முதலில் உலையைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பெரிய கிணற்று உறையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதன் சுவர் குவார்ட்ஸ் தூளை இடித்து இறுக்கிச் செய்தது. ஆலையில் அதற்கு லைனிங் என்று பெயர். சுவரைச் சுற்றி உள்ளீடற்ற தாமிரக் குழாய், சுருள் சுருளாக. குழாய்க்குள் குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். குழாயின் உலோகத்தில் மின்சாரம். உறைக்குள் பழைய இரும்பைப் போடுவார்கள். கரி கிடையாது, தீ கிடையாது, எதுவும் இரும்பைத் தொடாது. பேனலில் பவரை ஏற்றினால் இரும்பு தானாகச் சிவந்து, வெளுத்து, உருகும்.

பின்னணியில் இருப்பது இதுதான். சுருளில் ஓடும் மின்னோட்டம் ஒரு நொடிக்குச் சில நூறு தடவை திசை மாறுகிறது. அதோடு சேர்ந்து அதன் காந்தப்புலமும் மாறுகிறது. மாறும் காந்தப்புலத்துக்குள் உலோகம் இருந்தால் அந்த உலோகத்தில் மின்னோட்டம் பிறக்கும். ட்ரான்ஸ்ஃபார்மரில் இரண்டாவது சுருள் ஒன்று இருக்குமே, இங்கே அந்த இரண்டாவது சுருள் இரும்பேதான், ஒரே ஒரு சுற்று. வெளியே எடுத்துப்போக வழியில்லாத அந்த மின்சாரம் இரும்புக்குள்ளேயே சுழன்று சுழன்று வெப்பமாகத் தீர்கிறது. வீட்டில் இருக்கும் இண்டக்ஷன் அடுப்பும் இதே சங்கதி. அலுமினியச் சட்டியை வைத்தால் அது ஏன் முரண்டு பிடிக்கிறது என்பதையும் இதை வைத்தே புரிந்துகொள்ளலாம். அலுமினியத்துக்குக் காந்தத் தன்மையும் இல்லை, மின்தடையும் குறைவு. மின்சாரம் சும்மா ஓடிவிடும், சூடாகாது.

அடுப்பில் அதிர்வெண் இருபதாயிரத்துக்கு மேல். உலையில் எங்களிடம் ஐந்நூறு. அதிர்வெண் கூடக்கூட மின்னோட்டம் உலோகத்தின் தோலோடு நின்றுவிடும். அடுப்பில் அது பாத்திரத்தின் அடியில் ஒரு மில்லிமீட்டர்கூட இறங்காது. பாத்திரத்துக்கு அதுவே போதும். ஐந்நூறு ஹெர்ட்ஸில் உருகிய இரும்புக்குள் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் இறங்கும். எட்டு டன் இரும்பை உருக்க அந்த ஆழம் வேண்டும். அதே காந்தவிசை உருகிய இரும்பைப் பக்கவாட்டிலிருந்து நெருக்குவதால் நடுப்பகுதி பால் பொங்குவதுபோல் மேடாக எழும்பி நிற்கும். முதல் நாள் அதைப் பார்த்தபோது பொங்கி வழிந்துவிடும் என்று இரண்டடி பின்னால் போனேன். மெல்ட்டர் அண்ணன் சிரித்தார். "அது அப்டித்தான் நிக்கும் சார். கரண்ட்டு தூக்கினு நிக்குது."

ஒரு டன் இரும்பை 1600 டிகிரிக்குக் கொண்டுபோகக் கணக்குப்படி சுமார் 390 யூனிட் போதும். நடைமுறையில் அறுநூறை ஒட்டி வரும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் அல்லவா, ஒரு வீட்டின் முழு வருட இலவச மின்சாரம் ஒரு டன் இரும்புக்குச் சரியாகப் போகும். அந்த வருடங்களில் தமிழ்நாடே மின்வெட்டில் கிடந்தது. ஆலைகளுக்கு மாலை 6 மணி முதல் 10 மணி வரை உச்சநேரக் கட்டுப்பாடு. பத்து அடித்ததும் எல்லா உலையும் ஒன்றாக உயிர்பெறும். இழந்த நான்கு மணி நேரத்தை விடிவதற்குள் பிடிக்க வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

*

ஃபாரடே 1791-இல் பிறந்தவர். அப்பா கொல்லர். பையன் புத்தகம் தைக்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்து, தைக்க வந்த புத்தகங்களைப் படித்து, 1813-இல் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஹம்ஃப்ரி டேவிக்கு உதவியாளர் ஆனான். இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாதது 1819. அந்த வருடம் அவர் வூட்ஸைப் பகுப்பாய்வு செய்து ஒரு கட்டுரை வெளியிட்டார்.

அதற்கு முன்பே அந்த எஃகு லண்டனில் புதிராக இருந்தது. பம்பாயிலிருந்து டாக்டர் ஹெலனஸ் ஸ்காட் அனுப்பிய கட்டிகளை வைத்து ஜார்ஜ் பியர்சன் 1795-இல் ராயல் சொசைட்டியில் ஒரு கட்டுரை படித்திருந்தார். அறுவைக் கருவிகளும் சவரக் கத்திகளும் செய்து விற்ற ஜேம்ஸ் ஸ்டோடார்ட், ஐரோப்பாவின் சிறந்த எஃகைவிட இதுவே மேல் என்று தன் கடையின் விளம்பர அட்டையிலேயே போட்டுக்கொண்டார். பிறகு ஃபாரடேயும் அவரும் கூட்டுச் சேர்ந்தார்கள். எஃகோடு பிளாட்டினம், வெள்ளி, ரோடியம் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் கலந்து மூசையில் உருக்கினார்கள். 1820-லும் 1822-லும் கட்டுரைகள் வந்தன. அடுத்த வருடம் ஸ்டோடார்ட் இறந்துபோனார்.

வூட்ஸின் ரகசியம் என்று ஃபாரடே நினைத்தது அலுமினியத்தை. தவறு. உண்மையான காரணம் கரிதான் என்று பாரீஸில் பிரேயான் என்பவர் அதே காலத்தில் சோதித்து எழுதினார். மகா மேதையும் கையில் இருந்த துண்டை வைத்துத் தப்புக் கணக்குப் போட்டிருக்கிறார் என்பதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல். சோதித்து முடித்த துண்டுகளை ஒரு மரப்பெட்டியில் போட்டு வைத்தார். மின்காந்தத் தூண்டலின் நூற்றாண்டான 1931-இல், மாங்கனீஸ் எஃகைக் கண்டுபிடித்த ராபர்ட் ஹாட்ஃபீல்ட் அந்தப் பெட்டியின் 79 துண்டுகளை ஆராய்ந்து புத்தகமே எழுதினார்.

வூட்ஸ் எங்கே, எப்படிச் செய்யப்பட்டது? நொய்யல் கரையில் கொடுமணலில் கா. ராஜன் நடத்திய அகழாய்வுகளில் இரும்பு, எஃகு உலைகளின் தடயங்கள் கிடைத்தன. பழைய தென்னாற்காட்டின் மேல்சிறுவளூரில் மூசை எஃகு செய்த இடத்தைச் சாரதா ஸ்ரீனிவாசன் 1990-களில் ஆராய்ந்தார். செய்முறைக்கு நான் விரும்பிப் படிப்பது ஜோசையா மார்ஷல் ஹீத் எழுதியதை. கம்பெனி உத்தியோகத்தை விட்டுப் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கியவர். ஆலை தள்ளாடியது. பிறகு இங்கிலாந்தில் மாங்கனீஸ் சேர்த்து எஃகு உருக்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு முதலாளிகள் அதைக் கொஞ்சம் மாற்றித் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். வழக்காடியே ஓய்ந்து 1851-இல் இறந்தார். சேலம் பக்கத்துக் கொல்லர்களிடம் அவர் பார்த்தது இது: தேனிரும்பைத் துண்டு போட்டு மூசையில் இடுவார்கள், கூடவே உலர்ந்த ஆவாரங்குச்சி. மேலே எருக்கிலை ஒன்றிரண்டு. வாயைக் களிமண்ணால் மூடி, இருபதுக்கும் மேற்பட்ட மூசைகளை உலையில் அடுக்கி, துருத்தி போட்டு இரண்டரை மணி நேரம்.

ஆவாரங்குச்சி ஏன்? சுத்த இரும்பு உருக 1538 டிகிரி வேண்டும். துருத்தியால் அந்த வெப்பத்தை எட்டுவது பெரும்பாடு. இரும்பில் ஒன்றரை சதவீதம் கரி ஏறிவிட்டால் முழுதாக உருகும் வெப்பநிலை சுமார் நூறு டிகிரி கீழே இறங்கிவிடும். குச்சி கரியாகி இரும்புக்குள் கரைகிறது, இரும்பு இளகுகிறது. உப்புப் போட்டால் பனிக்கட்டி சீக்கிரம் உருகுகிறதே, அதன் உறவுமுறை இது. மூடிய மூசைக்குள் காற்று புகாததால் ஏறிய கரி எரிந்து போகாது. மூசையின் மண்ணில் நெல் உமியைக் கலந்திருப்பார்கள். சூட்டில் உமி கருகி நுண்துளைகளை விடும், உமியில் இருக்கும் சிலிக்கா மண்ணை இறுக்கும். எங்கள் லைனிங்கிலும் இருந்தது சிலிக்காதான்.

இங்கே வாட்ஸாப் விஞ்ஞானிகளுக்கு ஒரு வார்த்தை. 2006-இல் டிரெஸ்டன் ஆய்வாளர்கள் டமாஸ்கஸ் வாள் ஒன்றில் கார்பன் நானோகுழாய்களைக் கண்டதாக நேச்சரில் எழுதினார்கள். உடனே நம் முன்னோர்கள் நானோ தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் என்று ஃபார்வர்டு வந்துவிட்டது. முன்னோர்களுக்கு நானோ தெரியாது. ஆவாரங்குச்சி எத்தனை போட வேண்டும் என்று தெரியும். இரண்டாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

*

1831 ஆகஸ்ட் 29. ஃபாரடே ஒரு தேனிரும்பு வளையத்தின் இரு பக்கமும் தனித்தனியாகக் கம்பி சுற்றினார். ஒரு பக்கம் பேட்டரி, மறுபக்கம் காந்த ஊசி. பேட்டரியை இணைத்ததும் ஊசி துள்ளி அடங்கியது. மின்சாரம் சீராக ஓடியபோது அசையவில்லை. துண்டித்ததும் மறுபடி துள்ளியது. அதாவது மாறினால்தான் உண்டு, நின்றால் இல்லை. உலகின் முதல் ட்ரான்ஸ்ஃபார்மர் அந்த வளையம். எஃகை விட்டு ஒன்பது வருடம் விலகி வந்த பிறகு, எஃகு உருக்க உதவப்போகிற ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். அவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

1887-இல் ஃபெரான்டி காப்புரிமை எடுத்தார். 1900-இல் ஸ்வீடனின் யிசிங்கேயில் செலின் முதன்முதலாக இப்படி எஃகு உருக்கினார். அவருடைய உலையில் இரும்பு வளையம் வடிவிலான கால்வாயில் கிடந்தது, ஃபாரடேயின் வளையம் மாதிரியே. பிரின்ஸ்டனில் எட்வின் நார்த்ரப் முதல் உலகப்போர்க் காலத்தில் உயர் அதிர்வெண்ணை வைத்து, நடுவில் இரும்புச் சட்டம் இல்லாமலே உருக்கலாம் என்று காட்டினார். வெறும் சுருள், அதற்குள் மூசை. 1927 வாக்கில் அது ஷெஃபீல்டுக்குப் போனது. மூசை எஃகாலேயே பேர்போன ஊர் அது. தைரிஸ்டர் 1957-இல் வந்த பிறகு அதிர்வெண்ணை மாற்றும் பெட்டி மலிவானது, சின்ன முதலாளிகளுக்கும் எட்டியது. துறைமுகமும் தேசிய நெடுஞ்சாலையும் பக்கத்தில் இருக்க, கும்மிடிப்பூண்டியில் உலைகள் வரிசையாக வந்தன.

இந்த உலைக்கு ஒரு குறை உண்டு. அது உருக்கும், சுத்தம் செய்யாது. பாஸ்பரஸை நீக்கச் சுண்ணாம்புக் கசடு வேண்டும், சிலிக்கா சுவரைச் சுண்ணாம்பு அரித்துவிடும். எனவே நீங்கள் எதைப் போடுகிறீர்களோ அதுவேதான் வெளியே வரும். சீனா 2017-இல் இப்படிப் பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பி செய்த உலைகளை மொத்தமாக மூடியது. நம் நாட்டில் அவை கணிசமான அளவு கம்பி தருகின்றன. ஒழுங்காகச் செய்தால் நல்ல கம்பியும் தருகின்றன. ஒழுங்கு என்பது ஸ்கிராப் குவியலில் தொடங்குகிறது.

கம்பி பற்றி ஒரே ஒரு விஷயம். இன்றும் ஊரில் முறுக்குக் கம்பி என்கிறோம். எங்கள் அப்பா வீடு கட்டிய காலத்துக் கம்பி நிஜமாகவே குளிர்ந்த பின் முறுக்கப்பட்டது. இப்போதைய டி.எம்.டி.யை யாரும் முறுக்குவதில்லை. பெல்ஜியத்தில் 1970-களில் உருவான முறையில், உருட்டாலையிலிருந்து சிவக்கச் சிவக்க வரும் கம்பி மேல் தண்ணீரை வேகமாகப் பாய்ச்சுவார்கள். தோல் உடனே இறுகும். உள்ளே மிச்சமிருக்கும் சூடு வெளியே வந்து அந்தத் தோலின் முறுமுறுப்பைத் தணிக்கும். வெளியே கடினம், உள்ளே இளக்கம். பெயர் மட்டும் மாறவில்லை.

*

குவியலுக்கு வருகிறேன்.

மூடிய பொருள் எதுவும் உலைக்குள் போகக் கூடாது. ஷாக் அப்சார்பர், சிலிண்டர், இருமுனையும் நசுங்கிய குழாய். உள்ளே அடைபட்ட எண்ணெயும் காற்றும் சூடேற ஏற அழுத்தம் கூடும், அதே சூட்டில் இரும்புச் சுவரின் வலு குறையும். இரண்டும் ஒரு நொடியில் சந்திக்கும். ஈரமும் ஆகாது. தண்ணீர் ஆவியானால் சுமார் 1700 மடங்கு விரியும், உருகிய இரும்புக்கு அடியில் அது நடந்தால் மேலே இருப்பதையெல்லாம் தூக்கி எறியும். இதெல்லாம் பதினோராம் வகுப்புப் பாடம். எனக்கு மதிப்பெண்ணும் நன்றாகவே வந்திருந்தது.

மெல்ட்டர் அண்ணன் பத்தாவது தாண்டாதவர். சந்தேகமான துண்டைக் கம்பியால் தட்டுவார். "நெறைய இருந்தா டக்குனு கேக்கும். காலியா இருந்தா மூச்சு வுடும் சார்." அவர் ஷிஃப்டில் இல்லாத நாளில் யாரும் தட்டுவதில்லை.

மாலை ஷிஃப்டில் குவியலைப் பார்த்துச் சீட்டில் கையெழுத்திடும் வேலை என்னுடையது. மூடிய பொருள் இல்லை என்று ஒரு கட்டம் இருக்கும், டிக் அடிக்க வேண்டும். ஐப்பசி மாதம், மழை விட்டிருந்தது. பத்து மணிக்குப் பவர் வந்துவிடும் என்று எல்லோரும் பரபரத்தார்கள். அழுத்திக் கட்டிய பண்டல்கள் வந்திருந்தன. ஏறிப் பார்க்கவில்லை. கீழே நின்றே டிக் அடித்தேன். அன்று அண்ணனுக்கு விடுப்பு.

பதினொன்றரை இருக்கும். இரண்டாவது பண்டல் உள்ளே போனதும் ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை, ஓட்டு வீட்டில் தேங்காய் விழுந்தமாதிரி. மேடையில் நின்ற பீகார்ப் பையன் ஒருவன் கையை முகத்துக்குக் குறுக்கே கொண்டுபோயிருந்தான். அதனால் கண் தப்பியது. முழங்கையிலிருந்து தோள்பட்டை வரை, கழுத்தின் ஒரு பக்கம். அவனுக்கு என்னைவிட இரண்டு வயது குறைவு. பண்டலுக்குள் பைக் ஷாக் அப்சார்பர்கள் இருந்திருக்கின்றன என்பது மறுநாள் மிச்சக் குவியலைக் கலைத்தபோது தெரிந்தது.

அறிக்கையில் தொழிலாளி பாதுகாப்பு உடையைச் சரியாக அணியவில்லை என்று எழுதப்பட்டது. என் சீட்டும் அதோடு இணைக்கப்பட்டிருந்தது, ஆய்வு செய்யப்பட்டதற்கு ஆதாரமாக. நான் எதுவும் சொல்லவில்லை. அவன் ஆஸ்பத்திரியிலிருந்தே ஊருக்குப் போனான். ஒரு மாதம் கழித்து நானும் ராஜினாமா செய்தேன், ஐ.டி.யில் வேலை கிடைத்தது என்று காரணம் சொல்லி. அதுவும் பொய்யில்லை.

*

போன மாதம் கவரைப்பேட்டையில் அண்ணனைப் பார்க்கப் போனேன். வேலையை விட்டுவிட்டார், காது கொஞ்சம் மந்தம். இந்தக் கட்டுரைக்காகப் படித்ததையெல்லாம் அவரிடம் கொட்டினேன். ஃபாரடேயின் வளையத்தைப் போனில் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "ட்ரான்ஸ்பாரம் மாதிரி கீதே சார்" என்றார். ஆனந்த குமாரசாமி 1908-இல் இலங்கைக் கொல்லர்களைப் பற்றி எழுதியதையும் சொன்னேன். மூடிய மூசையை இடுக்கியால் எடுத்து ஆட்டிப் பார்ப்பார்கள், உள்ளே தளும்பும் ஓசையை வைத்து எஃகு உருகிவிட்டதா என்று தெரிந்துகொள்வார்கள் என்று.

"தெரியுமே. கைக்கே தெரியும்" என்றார். அவருக்கு அது ஆச்சரியமாகவே இல்லை. எனக்குத்தான் ஒரு கேள்வி இருந்தது. களிமண்ணால் வாயை இறுக்க மூடி நெருப்பில் வைத்த மூசை ஏன் வெடிக்கவில்லை? உமித் துளைகளைப் பற்றி நான் விளக்குவதற்குள் அவரே சொன்னார். "மண்ணு மூச்சு வுடும் சார். இரும்பு வுடாது."

கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிறகு அவனைப் பற்றிக் கேட்டேன். முதல் தடவையாக. அன்று சீட்டில் கையெழுத்துப் போட்டது நான்தான் என்றும் சொன்னேன்.

"தெரியும்" என்றார். "எல்லாருக்கும் தெரியும்." பையன் இப்போது ராய்ப்பூர் பக்கம் ஒரு உலையில் இருக்கிறானாம். இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க வராதாம். மேடையில் இல்லை, ஸ்கிராப் யார்டில் வேலை. குவியலைப் பார்ப்பது அவன்தான். பொங்கலுக்குப் பொங்கல் போன் பண்ணுவானாம்.

நம்பரைக் கொடுத்தார். அவன் பெயரோடு சேமித்து வைத்திருக்கிறேன். திரும்பும் ரயிலில் பொன்னேரி வரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு இந்தி, எனக்கு அரைகுறை இந்தி. முதல் வாக்கியத்தை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். மீஞ்சூரில் கூட்டம் ஏறியது, போனைப் பைக்குள் வைத்தேன்.